சனிக்கிழமை லிஃப்ட்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அதை யாரும் பயன்படுத்தவில்லை. 'பிரமாணம்' என்றுதான் சொன்னார்கள். முழுப் பட்டம் 'நியாயப்பிரமாணம்'. வாய் வலிக்கும் என்று பாதியாக்கிவிட்டார்கள். மோசே மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த அந்தச் சட்டத்தை அதற்குப் பிறகு யாராவது ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்கள் என்றால், அது ஏழாவது மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக்தான் என்பது ஊரறிந்த செய்தி. அவரே சொல்லிச் சொல்லித்தான் ஊர் அறிந்தது, அது வேறு விஷயம்.

சட்டை வாங்கப் போனால் மற்றவர்கள் விலையைப் பார்ப்பார்கள். இவர் காலருக்குள் தைத்திருக்கும் துணுக்கைப் பிடித்துக்கொண்டு, கடைக்காரருக்குப் பொறுமை போகும்வரை படிப்பார். கம்பளியையும் பஞ்சுநூலையும் கலந்து நெய்ததை உடுத்தக்கூடாது என்பது வேதத்தில் உள்ள கட்டளை. கம்பெனி கொடுத்த சீருடையிலோ பாலியஸ்டர் கலந்திருந்தது. மோசே காலத்தில் பாலியஸ்டர் கிடையாதே, அது கம்பளிக் கட்சியா பஞ்சுக் கட்சியா என்று தெரியாமல் மனிதர் தவித்துப்போனார். கடைசியில் போட்டுக்கொண்டார். ஆனால் சந்தோஷமாகப் போட்டுக்கொள்ளவில்லை, அதைக் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னார். "சந்தோஷமாப் போட்டாலும் சங்கடமாப் போட்டாலும் துவைக்கிறது நான்தானே" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் வீட்டில் ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனிக்கிழமை பொழுது சாயும்வரை அவர் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும், விளக்கு எரிந்தால் அது நெருப்பு, ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது. ஆகையால் வெள்ளிக்கிழமையே அந்தக் குட்டி பல்பைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுவார். சுவிட்சைத் தட்டினாலும் நெருப்பு, பட்டனை அமுக்கினாலும் நெருப்பு. வேலைக்கான கருவிப் பையை வீட்டில் வைத்திருந்தால் கை அரிக்கும் என்று, அதைக் கீழே காவலாளியின் அறையில் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிடுவார். லிஃப்ட்டின் சாவிகளும் அந்தப் பைக்குள்தான் இருந்தன.

இதெல்லாம் அவர் வீட்டு விவகாரம் என்று கட்டடத்தார் கண்டுகொள்ளாமல் இருந்திருப்பார்கள். ஆனால் ஏழாவது மாடிக்காரர் ஓய்வுநாளில் சபைக்குப் போக வேண்டுமே! வருஷக்கணக்காக லிஃப்ட்டுக் குழிகளுக்குள் மண்டியிட்டு வேலை பார்த்து முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன மனிதர். படி இறங்க முடியாது. லிஃப்ட்டில் ஏறலாம் என்றால் பட்டனைத் தொடக்கூடாது. வேறு யாராக இருந்தாலும் பேசாமல் வீட்டிலேயே உட்கார்ந்து ஜெபம் பண்ணியிருப்பார்கள். இவருக்குத்தான் கைத்தொழில் இருக்கிறதே. ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் யாரும் கேட்காமலேயே லிஃப்ட் தானாக மேலும் கீழும் போய்வரும்படி, ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று, கதவைத் திறந்து, கால் வலிக்கிறவர்கூட நிதானமாக ஏறுகிற அளவுக்குக் காத்திருந்து, பிறகு மூடிக்கொண்டு போகும்படி மெஷின் அறையில் ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டார்.

முதல் சனிக்கிழமை கட்டடமே அல்லோலகல்லோலப்பட்டது. எட்டு மாடிக்கும் ஒரே லிஃப்ட். கீழே போகிறவர் மேலே போய்ச் சேர்ந்தார், மேலே போகிறவர் மாடிக்கு மாடி நின்று எதிர்வீட்டுச் செருப்புகளைத் தரிசித்துக்கொண்டே போனார். குடியிருப்போர் சங்கச் செயலாளர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மூச்சு வாங்க ஏழாவது மாடிக்கு வந்து நின்றார்.

"உங்க சாமிக்கு நாங்க ஏங்க மாடி மாடியா நிக்கணும்?"

"நீங்க நிக்க வேண்டாம் சார். படி இருக்கே."

செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பிரமாணத்தைப் பகைத்துக்கொள்ள முடியாது. லிஃப்ட்டை அவர்தான் கூலி வாங்காமல் பராமரித்து வந்தார். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. கதவை மூடும் பட்டன் மட்டும் சனிக்கிழமையும் வேலை செய்யும். அவசரக்காரர்கள் ஒவ்வொரு மாடியிலும் அதை அமுக்கிக் கதவைச் சீக்கிரம் மூடிக்கொள்ளலாம். "அமுக்குறவங்க பாவம் அவங்கவங்க தலையில" என்று பிரமாணம் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். கொஞ்ச நாளில் கட்டடத்தாருக்கு அலுத்துப்போய், சனிக்கிழமைகளில் எல்லோரும் படியிலேயே ஏறி இறங்கப் பழகிவிட்டார்கள். லிஃப்ட் அன்றைக்கு அவர் ஒருவருக்காகவே ஓடிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கடவுள் கொடுத்த மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அம்மாளுக்குக் கட்டடத்தில் 'கிருபையம்மா' என்று பெயர். எதற்கெடுத்தாலும் "எல்லாம் கிருபை" என்பார். கணவர் இறந்த பிறகு மகளோடு இருக்க வந்தவர். வந்ததிலிருந்து வீட்டில் இரண்டு மதம் நடந்தது. இருவரும் கும்பிடுவது ஒரே கர்த்தரைத்தான், படிப்பதும் ஒரே வேதத்தைத்தான். ஆனால் மாமியார் ஞாயிற்றுக்கிழமைக் கோவிலுக்குப் போய்த் தொண்டை கிழியப் பாடுகிறவர். சனிக்கிழமை மருமகன் ஆறிப்போனதைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்த அம்மாள் அடுப்பைப் பற்றவைத்து, பாட்டும் பாடிக்கொண்டு, சுடச்சுடச் சாப்பிடுவார். "மாப்ள, வாசம் மட்டும் பிடிச்சுக்கோங்க. வாசம் பிடிக்கிறதுக்குக் கட்டளை எதுவும் இல்லையே?" என்று வேறு கேட்பார்.

பொய் சொல்வதில் அந்த அம்மாளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வரிசையில் நிற்க நேர்ந்தால் தலை சுற்றுகிறது என்பார். முன்னால் போனதும் சுற்றுவது நின்றுவிடும். சங்கத்தின் சந்தாவுக்கு ஆள் வந்தால், தான் இந்த வீட்டுக்கு விருந்தாளி என்பார். பிரமாணம் முகம் சுளித்தால் பதில் தயாராக இருக்கும். "கர்த்தர் நான் பிறக்குறதுக்கு முன்னாடியே மன்னிச்சு வெச்சுட்டாரு மாப்ள. அவர் மன்னிச்சதை வீணாக்கலாமா?"

பிரமாணம் ஏன் இப்படி ஆனார் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த தலைமை மெக்கானிக் பரம விசுவாசி. வேலை தொடங்கும்போது கண்ணை மூடி ஜெபிப்பார், பிறகு பிரேக்கைச் சோதிக்காமலே விட்டுவிடுவார். "மேல இருக்கிறவர் பாத்துப்பார்" என்பது அவருடைய தாரக மந்திரம். ஒருநாள் அவர் லிஃப்ட் கூண்டின் தலையில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பிரேக் பிடிக்கவில்லை. ஒரு காலை இடுப்போடு எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவர் அழுத அழுகையை இவர் பக்கத்தில் நின்று கேட்டார். அன்றைக்கு மனதில் விழுந்த பயம்தான். அதற்குப் பிறகு சோதிக்காத எதையும் அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போதகர் "விசுவாசம் ஒன்றே போதும்" என்று பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் அந்த மெக்கானிக்கின் குரல்தான் கேட்டது. கட்டளைகளை ஒன்று விடாமல் கைக்கொள்ளும் ஒரு சின்னச் சபை, சனிக்கிழமைகளில் ஒரு வாடகைக் கூடத்தில் கூடுகிறது என்று கேள்விப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். லிஃப்ட்டோடு வரும் கையேட்டைப் படிப்பதுபோலவே வேதத்தையும் படித்தார். செய்யாதே என்றால் செய்யாதே. அதற்கு ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் கால் போய்விடும்.

சாப்பாட்டு மேஜையில் இதைப் பற்றி மாமியாருக்கும் மருமகனுக்கும் வாரம் தவறாமல் வாக்குவாதம் நடக்கும்.

"கயிறு அறுந்தா விசுவாசமா அத்தை பிடிக்கும்? பிரேக்தான் பிடிக்கும்."

"பிரேக்கைப் பாத்துட்டா மாப்ள எல்லாரும் லிஃப்ட்ல ஏறுறாங்க? எனக்கு பிரேக் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. நீங்க பாத்திருப்பீங்கன்னு நம்பித்தான் தினம் ஏறுறேன்."

பிரமாணம் பதில் தேடினார். வேதத்தில் எங்கோ இருந்தது, ஆனால் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார். முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாள் தட்டில் தாளம் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். மனைவி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கடவுள் எந்தப் பக்கம் இருந்தாலும் பாத்திரம் தேய்க்க வரப்போவதில்லை என்ற முடிவுக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

அந்த அம்மாளின் இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் இந்தக் கூத்து நிற்கவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். "பத்தியமெல்லாம் பழைய ஏற்பாடு டாக்டர். நான் புதிய ஏற்பாடு" என்றார் அந்த அம்மாள். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. வலி வந்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் உயிர் என்று மகளிடமும் மருமகனிடமும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து மாமியாரின் மாத்திரையைத் தினமும் காலையில் தட்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைக்கும் வேலையைப் பிரமாணம் தானாகவே ஏற்றுக்கொண்டார். சனிக்கிழமைக்கான மாத்திரையை வெள்ளிக்கிழமையே உறையிலிருந்து பிரித்து வைத்துவிடுவார். "போட்டாச்சா அத்தை?" என்று கேட்பார். "போட்டாச்சு மாப்ள" என்பார் அவர். போட்ட நாளும் உண்டு, சோபாவுக்கு அடியில் போட்ட நாளும் உண்டு.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே மனைவி கேட்டுவிட்டாள்.

"என்னங்க, அந்த லிஃப்ட்டைப் பழையபடி மாத்திருங்க. ஒரு சனிக்கிழமை அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றது?"

"ஓய்வுநாளைக் கைக்கொள்றவன் வீட்டைக் கர்த்தர் கைவிடமாட்டார். நம்பு."

அந்த வீட்டிலே நம்பிக்கையைப் பற்றிப் பிரமாணம் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். கிருபையம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "விடுடி. நான் சனிக்கிழமையெல்லாம் சாகமாட்டேன். மறுநாள் எனக்குக் கோவில்ல பாட்டு இருக்கு."

மனைவி சிரிக்கவில்லை. "எங்கம்மா அந்த லிஃப்ட்டுக்குள்ள போய்ச் சேர்ந்தாங்கன்னா, அதுக்கப்புறம் நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன். இதையும் உங்க கட்டளையோட ஒண்ணா எழுதி வெச்சுக்கோங்க" என்றாள். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் பிரமாணத்துக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் லிஃப்ட்டை மாற்றவில்லை. மாற்றினால் சபைக்கு என்ன பதில் சொல்வது? லிஃப்ட்டுப் பட்டனும் நெருப்புத்தான் என்று அந்தச் சபையில் சட்டம் கொண்டுவந்தவரே அவர்தானே. அழுகிற கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், முதல் மாடியிலிருந்த கூடத்துக்கு ஏற லிஃப்ட்டுப் பட்டனை அமுக்கினாள் என்று எழுந்து நின்று சொல்லி, அவளைத் தண்டனையாகப் பின்பெஞ்சில் உட்காரவைத்தவரும் இவரேதான். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனபோது, கட்டளை காப்பாற்றப்பட்டது என்று இவருக்கு நிம்மதியாக இருந்தது.

அது நடந்த அன்றைக்கும் சனிக்கிழமைதான். வேறு எந்தக் கிழமையில் நடக்கும்? சபை முடிந்து வந்து பிரமாணம் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அந்த அம்மாள் எதையோ சூடு பண்ணிக்கொண்டு வழக்கம்போலப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு நடுவரியில் நின்றது. ஒரு வரியைப் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மனைவி மடித்த துணியைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள்.

கிருபையம்மா அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லடி, வாயுதான்" என்று அப்போதும் பொய் சொன்னார்.

"என்னங்க! எதிர்வீட்டுக்காரர் கார் கீழதான் நிக்குது. நான் படியில ஓடிப்போய் அவரை வண்டியை எடுக்கச் சொல்றேன். நீங்க அம்மாவை லிஃப்ட்ல கொண்டு வாங்க!" மனைவி அதற்குமேல் நிற்கவில்லை. சனிக்கிழமை லிஃப்ட்டைவிடப் படி வேகம் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தூக்க முடியாத உடம்பு. டாக்டர் சொன்ன பிறகு வாங்கி வைத்திருந்த சக்கர நாற்காலியைப் பிரமாணம் உருட்டிக்கொண்டு வந்து, மாமியாரை அக்குளில் பிடித்து ஏற்றி உட்காரவைத்தார். ஓய்வுநாளில் சுமை தூக்கக்கூடாதுதான். ஆனால் தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்றும் கட்டளை இருக்கிறது. மாமியாரைத் தாய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிற அவசரத்திலும் அந்த மனம் இப்படி வழக்காடிக்கொண்டு போனது. இந்தப் புத்தி அவரை விட்டு எங்கே போகும்!

லிஃப்ட் அதன்பாட்டுக்கு மேலே எட்டாவது மாடியில் நின்று சாவகாசமாகக் கதவைத் திறந்து மூடிவிட்டு இறங்கி வந்தது. கதவு திறந்தது. நாற்காலியை உள்ளே தள்ளினார். கதவு மூடவில்லை. அவர் வைத்த ஏற்பாடு அல்லவா, கால் வலிக்கிறவர்களுக்காகக் காத்திருந்தது. மூடும் பட்டன் அவர் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பார்த்தார். கை வரவில்லை.

குழியில் விழுந்த மாட்டை ஓய்வுநாளிலும் தூக்கிவிடலாம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். சபையில் அதைப் பற்றிப் பாடமே எடுத்திருக்கிறார். ஆனால் மாட்டைக் கையால்தானே தூக்குகிறோம், மாட்டுக்குப் பட்டன் கிடையாதே என்று அப்போது அவர் ஒரு விளக்கமும் கொடுத்திருந்தார். கொடுத்த விளக்கம் இப்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கிருபையம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பட்டனையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் அந்த அம்மாள் மருமகனைக் கிண்டல் பண்ணியே பொழுதைக் கழித்தவர். பண்ண வேண்டும் என்றால் அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

"நீங்க தொடாதீங்க மாப்ள" என்றார். மூச்சு அறுந்து அறுந்து வந்தது. "நான் தொடுறேன். எனக்குத்தான் பழக்கமாச்சே."

தோளைப் பிடித்திருந்த கையை எடுத்து, நீட்டி, எட்டாமல், நாற்காலியில் கொஞ்சம் எம்பி, பட்டனை அமுக்கினார். கதவு மூடியது. லிஃப்ட் இறங்கியது.

ஆறாவது மாடியில் கதவு திறந்தது. நடையில் ஆளில்லை. மறுபடியும் எம்பினார், அமுக்கினார். ஐந்தாவது மாடியில் கை இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் பட்டனில் பட்டது. "உங்க சாமி கோவக்காரர். என் சாமி ஒண்ணும் சொல்லமாட்டார்" என்று சிரிக்கப் பார்த்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லாத ஒரு கட்டளையை மருமகனுக்காக அந்த அம்மாள் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அதுவும் இருக்கிற மூச்சைச் செலவு பண்ணி.

நாலாவது மாடியில் கதவு திறந்தபோது கை பாதி எழும்பி மடியில் விழுந்துவிட்டது.

"அத்தை!" என்றார் பிரமாணம். பதில் இல்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் வாங்களேன்! யாராவது வாங்க!" என்று கத்தினார். எதற்குக் கத்தினார் என்று பிற்பாடு நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. தூக்கிவிட ஆள் தேடவில்லை. பட்டனை அமுக்க ஆள் தேடினார். தனக்குப் பதிலாகப் பாவம் பண்ண ஒரு பாவியைத் தேடினார். சனிக்கிழமைகளில் அந்த லிஃப்ட்டின் பக்கம் யார் வருவார்கள்? ஒரு குழந்தைகூட அங்கே இல்லை. கதவு திறந்தே கிடந்தது.

பிரமாணம் திரும்பினார். தன் விரலைப் பட்டனில் வைத்து அமுக்கினார். ஒரு தடவை அமுக்கினால் போதும் என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாதா? கதவு மூடுகிறவரை அமுக்கிக்கொண்டே இருந்தார். மூன்றாவது மாடியில் கதவு முழுக்கத் திறப்பதற்குள்ளேயே அமுக்கினார். இரண்டாவதில் முஷ்டியால் குத்தினார். முதல் மாடியில் அழுதுகொண்டே குத்தினார். கீழே கதவு திறந்ததும் மனைவியும் எதிர்வீட்டுக்காரரும் நாற்காலியோடு சேர்த்து அந்த அம்மாளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மாத்திரையைத் தினமும் போட்டீர்களா என்று அவர் கேட்டதற்கு, "ஒருநாள் தவறினதில்ல" என்று அந்த அம்மாள் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து சாதித்தார். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். ராத்திரி முழுக்க மனைவி பிரமாணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவு சீக்கிரமாக் கொண்டு வந்துட்டீங்க. நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேங்க" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். எதையும் அவளிடமிருந்து மறைத்துப் பழக்கமில்லாத மனிதருக்கு அந்த ராத்திரி லேசில் விடியவில்லை.

மறுநாள் சபை மூப்பர் பழப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நல்ல மனிதர், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். ஆனால் சபை நடவடிக்கை என்று வந்துவிட்டால் பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொள்வார். நலம் விசாரித்தார், கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். பிறகு கட்டிலின் ஓரமாக நின்றுகொண்டு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எப்படிங்க கீழ கொண்டு வந்தீங்க? நேத்து ஓய்வுநாளாச்சே."

பிரமாணம் வாயைத் திறப்பதற்குள் கிருபையம்மா முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "நான்தான் ஒவ்வொரு மாடியிலயும் அமுக்கினேன் ஐயா. கடைசி வரைக்கும் நான்தான். மாப்ள ஒரு விரலைக்கூட நீட்டலை. அவ்வளவு பக்தி!"

பச்சைப் பொய். கண்ணை இமைக்காமல் சொன்னார். மூப்பரின் முகம் மலர்ந்தது. பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். பிரமாணம் அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் சபையில் பேர் நிலைத்திருக்கும், மனைவி பிடித்த கையும் நிலைத்திருக்கும். சுற்றியிருந்த அத்தனை பேரும் அவருக்கு வேண்டியதைச் செய்து கொடுத்துவிட்டார்கள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பது ஒன்றுதான். அதுவும் முடியவில்லை அந்த மனிதரால்.

"அத்தை பொய் சொல்றாங்க. நான்தான் அமுக்கினேன்" என்றார்.

"ஐயோ, பைத்தியக்கார மனுஷா!" கிருபையம்மா தலையணையில் தலையை அடித்துக்கொண்டார். "சாகக் கிடந்தவ சொன்ன ஒரு பொய்யைக் காப்பாத்தத் தெரியலையே உங்களுக்கு!"

மூப்பர் மறுபடியும் பேனாவை எடுத்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "சரி, விடுங்க. ஆபத்துல நடந்ததுதானே. செஞ்சது தப்புதான், மனஸ்தாபப்படுறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஒரு வாரம் பின்பெஞ்சுல உக்காந்தா முடிஞ்சுபோச்சு. மனஸ்தாபப்படுறீங்கதானே?"

"படுறேங்க."

"அப்பாடா" என்று மூப்பர் எழுதப்போனார்.

"அமுக்கினதுக்கு இல்ல" என்றார் பிரமாணம். குரல் உடைந்திருந்தது. மூப்பரைப் பார்த்துச் சொல்லவில்லை. வாசல் பக்கம் நின்ற மனைவியைப் பார்த்துச் சொன்னார். "ஏழாவது மாடியிலயே நான் அமுக்கியிருக்கணும். மூச்சு விட முடியாம அவங்க எனக்காக எம்பி எம்பி அமுக்கினாங்க. நாலாவது மாடி வரைக்கும் நான் பாத்துட்டு நின்னேன். பக்கத்துலயே நின்னேன். அதுக்குத்தான் மனஸ்தாபப்படுறேன். அதுக்கு உங்க பின்பெஞ்சு பத்தாதுங்க."

மூப்பர் எழுதவில்லை. கிருபையம்மா முகமூடியை மறுபடியும் இழுத்து மாட்டிக்கொண்டார். ராத்திரி முழுக்கத் தான் எதற்கு நன்றி சொன்னோம் என்பது இப்போதுதான் மனைவிக்குத் தெரிந்தது. அவரை வெகுநேரம் பார்த்தாள். வெளியே போ என்று சொன்னால் போய்விடுவது என்று காத்து நின்றார்.

அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியைச் சுற்றிக் கொண்டு வந்து அவருக்குப் பின்னால் போட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "காலையிலேருந்து அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

அவர் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.